வெள்ளைப் பாவாடையின் கதை



பரிசளிப்பு விழா மலர் என்றால் அதிலே ஒரு சரித்திரக் கட்டுரை இடம்பெறுவது வழக்கம். மன்னர்களின் கதையும் போர்களின் கதையும் பாடப் புத்தகத்திலேயே நிறைய இருக்கின்றன. ஆகவே இம்முறை ஒரு துணியின் சரித்திரத்தை உங்கள் முன் வைக்கலாம் என்று எண்ணினேன். அது ஒரு பாவாடையின் சரித்திரம்.

“என்னங்க வாத்தியாரே, வெள்ளைக்காரங்க ஊர்ப் பாவாடைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?” என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள். இது வெறும் அலங்காரத்தின் கதை அல்ல. இதிலே உழைப்பு இருக்கிறது, விஞ்ஞானம் இருக்கிறது, ஏழைப் பிள்ளைகளின் கண்ணீரும் இருக்கிறது.

பாலே என்னும் மேலைநாட்டு நடனத்தை நீங்கள் தொலைக்காட்சியிலோ, நாள்காட்டிப் படத்திலோ, பிஸ்கட் டின் மூடியிலோ பார்த்திருப்பீர்கள். கால் விரல் நுனியில் ஒரு பெண் நிற்பாள். அவள் இடுப்பைச் சுற்றி மேகத் துண்டு போல மெல்லிய வெள்ளைத் துணி விரிந்திருக்கும். அந்த உடைக்கு ‘டூட்டூ’ என்று பெயர். அதிலே இரண்டு வகை உண்டு. ஒன்று, தட்டுப் போல இடுப்பில் விறைத்து நிற்கும் குட்டைப் பாவாடை. மற்றது, மணியைக் கவிழ்த்தது போல முழங்காலுக்குக் கீழே வரை தொங்கும் நீண்ட பாவாடை. இந்த நீண்ட பாவாடைதான் மூத்தது. சுமார் 1830 முதல் 1860 வரை, கலைஞர்கள் கனவுகளையும் ஆவிகளையும் தேவதைகளையும் தேடி ஓடிய காலத்தில் பிறந்தது அது. அக்காலத்தை ‘ரொமாண்டிக் காலம்’ என்பார்கள். அந்தப் பாவாடையின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கனத்த உடை, கட்டுண்ட கால்

பாலே நடனம் ஐரோப்பிய அரண்மனைகளில் வளர்ந்த கலை. பிரான்ஸ் நாட்டு மன்னர் 14ஆம் லூயி தாமே மேடையேறி ஆடியவர். 1661ஆம் ஆண்டு பாரிஸில் நடனத்துக்கென்று ஒரு கழகத்தையே நிறுவினார். ஆனால் அன்றைய ஆட்டக்காரிகள் போட்ட உடையைக் கேட்டால் நமக்கே மூச்சு முட்டும். சரிகை வேலை செய்த கனத்த பட்டு, அதை விரித்துப் பிடிக்க உள்ளே கூடை மாதிரி வளையம், உயர்ந்த குதிகாலுள்ள செருப்பு. பாவாடை தரை வரை தொங்கும். கால் என்ன செய்கிறது என்று பார்ப்பவருக்குத் தெரியாது.

1726இல் பாரிஸ் மேடைக்கு வந்தார் மரீ கமார்கோ என்ற பெண்மணி. ஆண்களுக்கு நிகராகத் துள்ளி ஆடும் திறமை அவருக்கு இருந்தது. “இவ்வளவு வேலை செய்யிற காலை மறைச்சு வைக்கிறதா?” என்று நினைத்தாரோ என்னவோ, பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றித் தைத்துக்கொண்டார். சில அங்குலம்தான். அதற்கே ஊரெல்லாம் பேச்சு! அவர் காலத்திலேயே வாழ்ந்த மரீ சாலே என்பவர் 1734இல் லண்டனில் வளையக் கூடையைக் கழற்றி எறிந்துவிட்டு, சாதாரண மஸ்லின் துணியைக் கிரேக்கச் சிலை போல உடுத்தி ஆடினார். ஒருவர் துணியைக் குறைத்தார். மற்றவர் கனத்தைக் குறைத்தார். வெள்ளைப் பாவாடைக்கு வழி வெட்டியவர்கள் இந்த இரு பெண்களே எனலாம்.

1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. பிரபுக்களின் பட்டும் சரிகையும் மதிப்பிழந்தன. மெல்லிய வெள்ளைப் பருத்தி உடையும், குதிகால் இல்லாத மெத்தென்ற செருப்பும் நாகரிகமாயின. குதிகால் போனதால் பாதம் வளைந்து கொடுத்தது. உயரத் தாவ முடிந்தது. நாளடைவில் சிலர் விரல் நுனியிலே ஒரு விநாடி நிற்கவும் பழகிக்கொண்டார்கள்.

எந்திரம் நெய்த வலை

இனி, துணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு பாவாடை மேகம் போலத் தோன்ற வேண்டுமானால் ஒரு சுற்றுத் துணி போதாது. மெல்லிய துணியைச் சுற்றுச் சுற்றாக, ஒன்றன் மேல் ஒன்றாகக் கொசுவி வைத்துத் தைக்க வேண்டும். மஸ்லின், கஞ்சி போட்டு விறைப்பாக்கிய டார்லட்டன் என்னும் பருத்தித் துணி, டியூல் என்னும் வலைத்துணி ஆகியவற்றை இதற்குப் பயன்படுத்தினார்கள். கொசுவலையை நினைத்துக்கொள்ளுங்கள், அதைவிட நுட்பமாக இருந்தால் அதுதான் டியூல். டியூல் என்பது பிரான்சில் உள்ள ஓர் ஊரின் பெயர். ஊர்ப் பெயரே துணிக்கும் ஆகிவந்துவிட்டது.

முன்னாளில் இந்த வலைத்துணியைக் கையால்தான் பின்னினார்கள். பெண்கள் மடியில் தலையணையை வைத்து, டஜன் கணக்கான நூற்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு, கண் நோக நோகப் பின்னுவார்கள். ஒரு முழம் முடிப்பதற்குள் எத்தனையோ பொழுது ஓடிவிடும். ஆகவே சீமாட்டிகளைத் தவிர வேறு யாரும் அதைக் கனவிலும் நினைக்க முடியாது.

இங்கிலாந்தில் ஜான் ஹீத்கோட் என்பவர் இந்தக் கைவேலையைக் கூர்ந்து கவனித்து, அதே பின்னலைப் போடும் எந்திரம் ஒன்றை உருவாக்கி 1808, 1809ஆம் ஆண்டுகளில் காப்புரிமை பெற்றார். வலைத்துணி மலிந்தது. ஆனால் எந்திரம் வந்தால் கைத்தொழிலாளியின் வயிறு என்னாவது? கூலி குறைந்ததனால் கொதித்துப் போயிருந்த காலம் அது. 1816ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஓரிரவு, லஃப்பரோ என்ற ஊரிலிருந்த அவருடைய ஆலைக்குள் ‘லடைட்’ என்றழைக்கப்பட்ட கலகக்காரர்கள் புகுந்து 55 எந்திரங்களை அடித்து நொறுக்கினார்கள். ஹீத்கோட் அந்த ஊரையே விட்டுவிட்டு, தெற்கே வெகுதொலைவிலுள்ள டிவர்ட்டன் என்ற ஊருக்குத் தொழிலை மாற்றினார். அவரிடம் வேலை செய்த பலர், வேலையைத் தேடி அவ்வளவு தூரத்தையும் நடந்தே கடந்தார்கள் என்று சரித்திரம் சொல்கிறது.

பார்த்தீர்களா? மேடையில் காற்றைப் போல மிதக்கும் ஒரு துணிக்குப் பின்னாலே, வேலை போன மக்களின் கோபமும், வேலை தேடி நடந்த கால்களின் களைப்பும் இருக்கின்றன.

விளக்கு மாறியது

துணி மட்டும் இருந்தால் போதாது. அதன் மேல் ஒளி விழ வேண்டும். அதுவரை மேடைகளில் மெழுகுவர்த்தியும் எண்ணெய் விளக்கும்தான் எரிந்தன. பாரிஸ் நகரத்து ஒபேரா அரங்கம் 1821இல் லெ பெலத்தியே தெருவிலே புதிய கட்டடத்துக்குக் குடியேறியது. மறு ஆண்டு, 1822இல், அலாவுதீனும் அற்புத விளக்கும் கதையை நடத்தியபோது அங்கே முதன்முதலாக வாயு விளக்கு எரிந்தது.

இது தோட்டத்துத் திருவிழாக்களில் அந்தக் காலத்தில் தலையில் தூக்கிச் சென்றார்களே, அந்தப் பெட்ரோமாக்ஸ் விளக்கு அல்ல. நிலக்கரியிலிருந்து எடுத்த வாயுவைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து, வரிசை வரிசையாகத் திறந்த சுடராக எரிய விடுவார்கள். திருகைத் திருப்பினால் ஒளி கூடும். மறுபடி திருப்பினால் மங்கும். ஆகவே மேடையில் நிலவொளியை உண்டாக்க முடிந்தது. அந்த மங்கிய நீல வெளிச்சத்திலே வெள்ளைத் துணியைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் வந்தால், பேய் வந்ததா பெண் வந்ததா என்று தெரியாது.

1831ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள், மெயர்பீர் இசையமைத்த ‘ராபர்ட் லெ டியாபிள்’ என்ற இசை நாடகம் அங்கே அரங்கேறியது. அதில் ஒரு காட்சி: பாழடைந்த மடாலயம், நிலவொளி. கல்லறைகளிலிருந்து கன்னியாஸ்திரிகளின் ஆவிகள் வெள்ளுடையில் எழுந்து வந்து ஆடுகின்றன. பாரிஸ் நகரமே சொக்கிப் போய்விட்டது. அந்த ஆவிகளுக்குத் தலைவியாக ஆடியவர்தான் நம் கதையின் நாயகி மரீ தாலியோனி.

கூன் முதுகு என்று கேலி பேசப்பட்ட பெண்

மாணவர்களே, இந்தப் பகுதியை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

மரீ தாலியோனி 1804இல் சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரில் பிறந்தவர். தந்தை பிலிப்போ தாலியோனி இத்தாலிய நடன ஆசிரியர். சிறுமி மரீ அழகி அல்லள். ஒல்லி உடம்பு, நீண்ட கைகள், சற்றே குனிந்த தோள். பாரிஸ் நடன வகுப்பிலே சக மாணவிகள் ‘கூனி’ என்று கேலி செய்தார்களாம். மகளை அரங்கேற்றம் செய்யவேண்டி வியன்னாவுக்கு வரவழைத்த தந்தைக்கு, பெண் கற்றது போதாது என்று பட்டது. வீட்டிலேயே பயிற்சி தொடங்கியது. காலையில் இரண்டு மணி நேரம், பகலில் இரண்டு மணி நேரம், இரவு படுக்கப் போகுமுன் இரண்டு மணி நேரம் என்று நாளொன்றுக்கு ஆறு மணி நேரம். ஒரு நிலையில் நின்றால் அசையாமல் மனத்துக்குள் நூறு வரை எண்ண வேண்டும். சில நாள்களில் அந்தப் பெண் களைத்துச் சுருண்டு விழுந்துவிடுவாளாம். இப்படிப் பல மாதங்கள் உழைத்து 1822இல் வியன்னாவில் மேடையேறினார். 1827இல் பாரிஸுக்கு வந்தார்.

தந்தை இன்னொரு கெட்டிக்காரத்தனமும் செய்தார். மகளின் குறையை மறைக்காமல் அதையே அழகாக்கினார். கை நீளம் என்றால், கையை மார்புக்கு முன்னே மடக்கி வைக்கும் நிலைகளை அமைத்தார். தோள் குனிந்திருக்கிறதா, உடம்பைச் சற்றே முன்னால் சாய்த்து, எதையோ கேட்பது போல் நிற்கச் சொன்னார். பின்னாளில் உலகமே அந்தச் சாய்வைப் பார்த்துக் காப்பியடித்தது!

1832 மார்ச் 12

அந்த நாளில் பாரிஸ் ஒபேராவில் ‘லா சில்ஃபீடு’ என்ற பாலே அரங்கேறியது. நடன அமைப்பு தந்தையுடையது, ஆட்டம் மகளுடையது. கதை சுருக்கமானது. ஸ்காட்லாந்து நாட்டு இளைஞன் ஜேம்ஸுக்கு அன்று கல்யாணம். ‘சில்ஃப்’ என்னும் காற்றுத் தேவதை ஒருத்தி அவன்முன் தோன்றுகிறாள். நிச்சயித்த பெண்ணை விட்டுவிட்டு அவன் தேவதையின் பின்னே காட்டுக்கு ஓடுகிறான். அவளைப் பிடித்துவைக்க ஆசைப்பட்டு, சூனியக்காரி கொடுத்த மாயத் துப்பட்டாவை அவள் தோளில் சுற்றுகிறான். சிறகுகள் உதிர்கின்றன. தேவதை இறந்துபோகிறாள். வீட்டில் காத்திருந்த பெண்ணோ வேறொருவனை மணந்துகொள்கிறாள். இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்கப் போனவன் கதை!

காற்றுத் தேவதைக்கு எப்படி உடை போடுவது? சித்திரக்காரர் யூஜீன் லாமி அந்த உடையை அமைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தோளும் கழுத்தும் தெரியும் இறுக்கமான மேல்சட்டை. இடுப்பிலிருந்து மணி போல விரிந்து, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே முடியும் வெள்ளைப் பாவாடை. முதுகிலே சின்னஞ்சிறு சிறகுகள். காலில் வெளிறிய ரோஜா நிறக் காலுறை, பட்டு நாடா கட்டிய சாட்டின் செருப்பு. மணி இல்லை, மாலை இல்லை, சரிகை இல்லை.

இன்றைய பாலே செருப்பின் முனை கெட்டியானது. தாலியோனியின் செருப்பிலே அப்படி ஒன்றும் கிடையாது. மெத்தென்ற சாட்டின்; அதன் முனையிலும் ஓரத்திலும் ஊசி நூலால் இழையோட்டித் தைத்த தையல், அவ்வளவுதான். அவரைத் தாங்கியது செருப்பு அல்ல, கால் விரலும் பாதத்தின் பலமும்தான். அந்தக் கடும் பிரயாசை கண்ணுக்குத் தெரியாமல் மறைத்ததுதான் பாவாடையின் வேலை. அவர் தாவும்போது துணி மேலே எழும்பும். பாதம் தரையைத் தொட்ட பிறகும் துணி மெதுவாகத்தான் இறங்கும். பார்ப்பவர் கண்ணுக்கு, அவர் இன்னும் காற்றிலேயே இருப்பது போலத் தோன்றும். உடல் செய்த வேலைக்கு உடை துணை நின்றது.

சில தேவதைகளைக் கம்பியில் கட்டி உண்மையாகவே பறக்கவிட்டார்கள். ஒருமுறை இரண்டு பெண்கள் அந்தரத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். தொழிலாளி ஒருவர் உச்சியிலிருந்து கயிற்றில் இறங்கிவந்து விடுவித்தார். யாருக்கும் அடிபடவில்லை என்று தாலியோனியே முன்னால் வந்து சபைக்குச் சொன்னாராம். பறக்கும் காட்சியைப் பார்த்துக் கைதட்டியவர்களில் எத்தனை பேர் அந்தக் கயிற்றுத் தொழிலாளியை நினைத்திருப்பார்கள்?

எங்கும் வெள்ளை

லா சில்ஃபீடுக்குப் பிறகு வெள்ளை உடையே பாலேயின் சீருடை ஆகிவிட்டது. 1836இல் டென்மார்க்கில் பூர்னோன்வில் என்ற ஆசிரியர் அதே கதையைப் புது இசையில், லூசீல் கிரான் என்ற பெண்ணை ஆடவைத்து அரங்கேற்றினார். இன்றும் உலக மேடைகளில் பெரும்பாலும் ஆடப்படுவது அந்த டென்மார்க்கு வடிவம்தான்.

1841ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் பாரிஸில் ‘ஜிஸேல்’ வந்தது. ஆடியவர் கார்லோட்டா கிரீசி. கல்யாணத்துக்கு முன்னே இறந்துபோன பெண்களின் ஆவிகள் நள்ளிரவில் காட்டிலே வெள்ளைப் பாவாடையில் ஆடுவதுதான் அதன் இரண்டாம் பாகம். இருபது முப்பது பெண்கள் ஒரே நிறத்தில், ஒரே அசைவில் ஆடும்போது மேடையே பனிமூட்டம் ஆகிவிடும். இவ்வகைக் காட்சிக்கு ‘வெள்ளை பாலே’ என்றே பெயர் வந்தது.

எல்லாரும் வெள்ளைதான் போட்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. தாலியோனிக்குப் போட்டியாக வந்த ஃபேனி எல்ஸ்லர், 1836இல் ரோஜா நிறச் சாட்டின் மேல் கறுப்பு லேஸ் வைத்த உடையில் ஸ்பானிய நடனம் ஆடி மக்களைக் கிறுக்குப் பிடிக்க வைத்தார். ஒருவர் வானத்துத் தேவதை, மற்றவர் மண்ணின் மகள் என்று ரசிகர்கள் இரு கட்சியாகப் பிரிந்தார்கள். நம்மூர் சினிமா ரசிகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை! 1842இல் ரஷ்யாவை விட்டுத் தாலியோனி புறப்பட்டபோது, அங்குள்ள ரசிகர்கள் அவருடைய செருப்பை விலைக்கு வாங்கி, சமைத்து, குழம்பு ஊற்றித் தின்றார்கள் என்றுகூட ஒரு கதை உலவுகிறது.

இதிலே ஒரு வேடிக்கை, அந்தக் காலத்தில் யாரும் இந்த உடையை ‘டூட்டூ’ என்று சொல்லவில்லை. அந்தச் சொல் 1880களில்தான் அச்சில் காணப்படுகிறது. குழந்தைகள் மழலையில் உடம்பின் பின்புறத்தைச் சொல்லும் செல்லச் சொல்லின் திரிபு அது என்பர்.

‘சுண்டெலிகள்’

மேடை நடுவே நின்ற நாயகிக்குப் பெயரும் பணமும் கிடைத்தன. பின்வரிசையில் நின்றவர்கள் யார்? ஒபேராவில் நடனம் பயின்ற சிறுமிகளைப் பாரிஸ் மக்கள் ‘சுண்டெலிகள்’ என்று அழைத்தார்கள். பெரும்பாலோர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் கொண்டுவரும் சில காசை நம்பி வீட்டிலே அடுப்பு எரிந்தது. 1831 முதல் அரங்கத்தை நடத்திய லூயி வெரோன் அதை இலாபம் தரும் தொழிலாக்கினார். பணக்காரச் சந்தாதாரர்கள் நடனக் கூடத்துக்குள்ளேயே வந்து ஆட்டக்காரிகளோடு பேசிப் பழக அனுமதித்தார். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு, அதன் விளைவு என்னவென்று நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ரொமாண்டிக் காலம் முடிந்த பிறகும் இந்த நிலை மாறவில்லை. ஓவியர் டெகா 1881இல் காட்சிக்கு வைத்த ‘பதினான்கு வயது சிறு நடனக்காரி’ என்ற மெழுகுச் சிலைக்கு நிஜத் துணியிலேயே பாவாடை உடுத்தியிருந்தார். அதற்கு முன்மாதிரியாக நின்ற மரீ வான் கூத்தம், துணி வெளுக்கும் தாயின் மகள். வகுப்புக்கு வரவில்லை என்று மறு ஆண்டே ஒபேரா அவளை வேலையிலிருந்து நீக்கியது. சிலை மட்டும் இன்று உலக அருங்காட்சியகங்களில் தலை நிமிர்ந்து நிற்கிறது.

வெள்ளைத் துணியும் திறந்த நெருப்பும்

இப்போது கதையின் கடினமான பகுதிக்கு வருகிறோம்.

மெல்லிய பருத்தி வலை, அதிலே கஞ்சி, சுற்றுக்குச் சுற்று இடையிலே காற்று. அடுப்பு மூட்டத் தெரிந்த எந்தத் தாய்க்கும் தெரியும், இதைவிட விரைவாகப் பற்றும் பொருள் வேறில்லை. மேடையைச் சுற்றியோ திறந்த சுடர்கள். சுழன்று ஆடும் பாவாடை காற்றை வாரிக்கொண்டு போகிறது. விளைவு என்ன?

1844 டிசம்பரில் லண்டன் டுரூரி லேன் அரங்கில் கிளாரா வெப்ஸ்டர் என்ற இளம் நடன மணியின் உடை ஆட்டத்தின் நடுவே விளக்கில் பட்டுப் பற்றிக்கொண்டது. மூன்று நாளில் உயிர் பிரிந்தது. 1861 செப்டம்பரில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், மேடைக்குப் பின்னால் உடை மாற்றும் அறையில் ஒரு பெண்ணின் உடை வாயு விளக்கில் பற்றியது. அவளைக் காப்பாற்ற ஓடிய பெண்களின் உடையும் பற்றியது. கேல் சகோதரிகள் உட்படப் பலர் மாண்டார்கள்.

இதற்கு மருந்தே இல்லையா? இருந்தது, அன்பர்களே, இருந்தது! அதுதான் நெஞ்சை உறுத்துகிறது. அரங்கத் துணிகளைத் தீயிலிருந்து காக்க வழி காணும்படி மன்னர் 18ஆம் லூயி கேட்டுக்கொள்ள, விஞ்ஞானி கே-லுசாக் ஆராய்ந்து, வெண்காரம், அம்மோனியம் உப்புகள் முதலியவற்றைக் கரைத்து அதில் துணியை நனைத்தால் சுடர் விட்டு எரியாது என்று 1821இலேயே கண்டு சொல்லிவிட்டார். ஒபேராவில் வாயு விளக்கு எரிந்ததோ 1822இல். அதாவது, நோய் வருவதற்கு ஓராண்டு முன்பே மருந்து தயாராக இருந்தது.

1859 நவம்பரில் பிரெஞ்சு அரசாங்கமும் விழித்துக்கொண்டு, மேடைத் திரைகளையும் உடைகளையும் கார்த்தெரோன் என்பவருடைய முறைப்படி தீக்காப்புக் கரைசலில் நனைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஆனால் நனைத்த துணி விறைத்தது, வெள்ளை மங்கி அழுக்கேறியது போல் ஆனது, மிதக்கவில்லை. ஆட்டக்காரிகள் அதைத் தொட மறுத்தார்கள்.

எம்மா லிவ்ரி

மறுத்தவர்களில் ஒருவர் எம்மா லிவ்ரி. 1842இல் பிறந்தவர். தாயும் ஒபேராவில் ஆடியவர்தான். 1858இல், 16 வயதிலே, லா சில்ஃபீடு தேவதையாகவே அரங்கேறினார். ஓய்வு பெற்று இத்தாலியில் இருந்த தாலியோனி இந்தப் பெண்ணின் புகழைக் கேட்டுப் பாரிஸுக்குத் திரும்பினார். தம் வாரிசு கிடைத்துவிட்டாள் என்று மகிழ்ந்து, தாமே பயிற்சி கொடுத்தார். 1860 நவம்பரில் அவளுக்காகவே ‘லெ பாப்பியோன்’ (வண்ணத்துப்பூச்சி) என்ற பாலேயை அமைத்தார். தாலியோனி அமைத்த ஒரே பாலே அதுதான். அக்கதையிலே வண்ணத்துப்பூச்சியாக மாறிய பெண் தீப்பந்தத்தின் ஒளியில் மயங்கி அருகே போக, அவள் சிறகுகள் கருகிவிடும்.

அந்த அரங்கேற்றத்துக்கு முன் எம்மா இயக்குநருக்குக் கடிதம் எழுதினார். என் வழக்கமான பாவாடையில்தான் ஆடுவேன். என்ன நேர்ந்தாலும் பொறுப்பு என்னுடையது என்பது அதன் சாரம்.

1862ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள், வேறொரு நாடகத்தின் ஒத்திகை. உட்காரும்போது கசங்கிவிடக் கூடாதே என்று எம்மா பாவாடையைத் தூக்கி உதறினார். பக்கத்திலிருந்த வாயுச் சுடர் பற்றிக்கொண்டது. நெருப்பு உடம்பைச் சூழ, மேடையில் அங்குமிங்கும் ஓடினார். தீயணைப்புக்காரர் ஒருவர் கம்பளியால் போர்த்தி அணைத்தார். எட்டு மாதம் தாங்கொணா வேதனை. 1863 ஜூலை 26ஆம் நாள் எம்மா கண்ணை மூடினார். வயது 20. எரிந்து மிஞ்சிய உடைத் துண்டுகள் பாரிஸ் ஒபேராவின் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டு வந்துள்ளன.

குற்றம் யாருடையது?

“சொன்னபடி கேட்டிருந்தா அந்தப் பொண்ணு பிழைச்சிருக்குமே” என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் அத்தோடு நிறுத்திவிட்டால் பாதி நியாயம்தான் பேசியவர்கள் ஆவோம்.

காற்றைப் போல ஆடினால்தான் கைதட்டல். கைதட்டல் இருந்தால்தான் வேடம். வேடம் இருந்தால்தான் சோறு. இப்படி ஒரு தொழிலில், உடையைக் கனமாக்கிக்கொள் என்று அவளிடம் மட்டும் சொன்னால் எப்படி? துணி கெடாத நல்ல கரைசலைத் தேடியிருக்கலாம். சுடரைச் சுற்றிக் கம்பி வலை போட்டிருக்கலாம். ஆட்டக்காரி நடக்கும் இடத்திலிருந்து விளக்கைத் தள்ளி வைத்திருக்கலாம். அவையெல்லாம் அரங்கத்தை நடத்தியவர்கள் கையில் இருந்தன. டிக்கெட் வாங்கியவர்களுக்கும் பங்கு உண்டு. தேவதை வேண்டும் என்று கேட்டார்கள்; அந்தத் தேவதைக்குத் தோலும் சதையும் உண்டு என்பதை மறந்துவிட்டார்கள். ஆபத்தான வேலையில் கவனமாயிருப்பது தொழிலாளியின் கடமை. அந்த ஆபத்தைக் குறைப்பது வேலை வாங்குபவரின் கடமை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்கக் கூடாது. கத்தியோடும், மருந்துத் தண்ணீரோடும், ஆலை எந்திரத்தோடும் உழைத்துப் பழகிய நம் மக்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிறகு

லெ பெலத்தியே தெரு அரங்கம் 1873 அக்டோபரில் தானே தீக்கிரையானது. 1881இல் லண்டன் சவாய் அரங்கம் முழுக்க முழுக்க மின்விளக்கால் ஒளி பெற்றது. மெல்ல மெல்ல மற்ற அரங்குகளிலும் திறந்த சுடர் மறைந்தது. நுட்பமான ஆட்டத்துக்கு இடம் கொடுக்கவேண்டிப் பாவாடையும் மேலே ஏறியது. 1885இல் ரஷ்யாவுக்குச் சென்ற வர்ஜீனியா சூக்கி என்ற இத்தாலியப் பெண்மணி, என் பாட்டி காலத்துப் பாவாடையில் ஆடமாட்டேன் என்ற தோரணையில் குட்டைப் பாவாடைக்காக வாதாடி வென்றார். அது வளர்ந்துதான் தட்டு போல நிற்கும் இன்றைய டூட்டூ ஆயிற்று. ஆனாலும் ஜிஸேலும் சில்ஃபீடும் ஆடப்படும் மேடைகளில் அந்த நீண்ட வெள்ளைப் பாவாடை இன்றும் மிதந்துகொண்டுதான் இருக்கிறது.

மரீ தாலியோனி தம் செல்வமெல்லாம் கரைந்தபின், முதிய வயதில் லண்டனில் பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினார். 1884இல், 80 வயதைத் தொடும் தறுவாயில், மார்சேய் நகரில் மறைந்தார்.

மாணவர்களே, கூனி என்று கேலி செய்யப்பட்ட பெண், தினம் ஆறு மணி நேர உழைப்பால் உலகத்தையே தம் பின்னால் வரச் செய்தார். அதை மறவாதீர்கள்.

பெற்றோர்களே, விழா மேடைக்காகப் பிள்ளைக்கு வலைத்துணியிலும் நைலானிலும் சட்டை தைக்கிறீர்கள். தாராளமாகத் தையுங்கள். ஆனால் குத்துவிளக்கு, மெழுகுவர்த்தி, மத்தாப்பு இவற்றின் பக்கம் அந்த உடையோடு பிள்ளையை விடாதீர்கள். விளக்கேற்றும் வேளையில் ஒரு பெரியவர் பக்கத்தில் நிற்கட்டும். ஈரச் சாக்கு ஒன்றும் ஒரு வாளித் தண்ணீரும் மேடையோரம் இருக்கட்டும்.

மேடையில் யாராவது அழகாக ஆடினால் மனமாரக் கைதட்டுங்கள். அந்தத் துணியை நெய்தவரையும் தைத்தவரையும், விளக்கைப் பிடித்தவரையும், கயிற்றை இழுத்தவரையும் எண்ணி இன்னொரு முறையும் தட்டுங்கள்.